அணி வாங்கிய வக்கீலும் நீங்கள் வாங்க நினைக்கும் பங்கும்

கேள்வி: வணக்கம் ஐயா. திருப்பூரில் ஆறு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் மில் தொழிலாளர்களின் விபத்து, தொழில்நோய் இழப்பீட்டு வழக்குகள். இப்போதுகூட பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன ஒருவரின் மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். டாக்டர் சான்று இன்னும் கைக்கு வரவில்லை. சென்ற ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா ஒரு பேஸ்பால் போட்டிக்கு அழைத்துப் போனார். அந்த ஓரியோல்ஸ் அணியை முப்பது வருடம் வைத்திருந்தவர் பீட்டர் ஏஞ்சலோஸ் என்ற வக்கீல், தொழிலாளர் வழக்குகளில் சம்பாதித்துத்தான் அதை வாங்கினார் என்றார். அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. இப்போது நண்பர்கள் ஐந்து பேர் லீக் கிரிக்கெட் அணி ஒன்றை எடுக்கிறார்கள். என்னையும் பங்குதாரராகக் கூப்பிடுகிறார்கள். நிர்வாகத்தையும் நானே பார்க்க வேண்டுமாம். ஏழைத் தொழிலாளியின் வழக்கில் ஒரு வக்கீல் அவ்வளவு சம்பாதிப்பது சரியா? அவரைப் போல நானும் ஆகலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டு கேள்விகள் இல்லை, மூன்று. நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வி, "வக்கீல் தொழில் மட்டும் போதுமா?" என்பது. அதற்கு ஏஞ்சலோஸின் வாழ்க்கையே நல்ல பதில் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் மாமா கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். முதலிலிருந்து பார்ப்போம்.

அவர் பிறந்தது 1929 ஜூலை 4, பிட்ஸ்பர்க்கில். பெற்றோர் கிரேக்கத்திலிருந்து குடியேறியவர்கள். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் பால்டிமோருக்கு வந்தது. ஹைலண்ட்டவுன் என்ற உழைப்பாளிகள் பகுதியில் அப்பா ஒரு மதுக்கடை நடத்தினார். மகன் அந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பெரிய பெயர் பெற்ற சட்டக் கல்லூரி எதுவும் இல்லை. உள்ளூரிலேயே இருந்த பால்டிமோர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1961இல் வகுப்பில் முதல்வராக வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1959இல், நகர மன்ற உறுப்பினராகத் தேர்வாகியிருந்தார். 1967இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அப்புறம் அரசியலை விட்டுவிட்டு முழுநேர வக்கீல்.

அந்த மதுக்கடையை நான் முக்கியமாக நினைக்கிறேன். உருக்காலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை முடிந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பேசுகிற இடம் அது. என்ன வேலை, எந்த ஃபோர்மேன், யாருக்கு இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் அங்கே காதில் விழும். பிற்காலத்தில் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் உருக்குத் தொழிலாளர் சங்கமும் அவரைத் தேடி வந்ததற்கு, அவர் அந்த மனிதர்களின் பாஷை தெரிந்தவராக இருந்ததும் ஒரு காரணம்.

இப்போது அவருக்குப் பணம் வந்த வழிக்கு வருவோம். பால்டிமோர் கப்பல்களின் ஊர். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களில் முதலாவது, 1941 செப்டம்பரில் அங்கேதான் தண்ணீரில் இறங்கியது. பக்கத்தில் ஸ்பேரோஸ் பாயின்ட்டில் பெத்லஹெம் ஸ்டீல் நிறுவனத்தின் மாபெரும் உருக்காலை. கப்பலின் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் மேலே வெப்பம் வெளியே போகாமல் சுற்றுவது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதை அறுக்கும்போதும் பிசையும்போதும் பறக்கிற இழை நுரையீரலில் போய்த் தங்கிவிடும். இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருடம் கழித்துத்தான் மூச்சு முட்டும், அல்லது நுரையீரல் உறையில் புற்றுநோய் வரும். வேலைத்துணியைத் துவைத்துப் போட்ட மனைவிமாருக்கும் வந்திருக்கிறது.

உங்களைப் போலத் தொழில்நோய் வழக்கு நடத்துகிறவருக்கு இதில் உள்ள சட்டச் சிக்கல் உடனே புரியும். முதலாவது காலவரம்பு. தூசி உள்ளே போன நாளிலிருந்து எண்ணினால், நோய் தெரிவதற்கு முன்பே லிமிடேஷன் முடிந்துபோகும். 1978இல், பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், இப்படி ஒளிந்திருக்கும் நோய்களுக்கு, பாதிப்பு தெரியவந்த, அல்லது தெரியவந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்று தீர்ப்பளித்தது. அது ஒரு பூட்டைத் திறந்தது. இரண்டாவது பூட்டு இன்னும் கடினம்: முப்பது வருடத்துக்கு முன்னால் கப்பலின் அடித்தளத்தில் இந்த மனிதர் சுவாசித்தது எந்தக் கம்பெனியின் கல்நார்? காகிதத்தில் அது இருக்காது. பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்குத்தான் மூட்டையில் இருந்த பெயர் ஞாபகம் இருக்கும். அந்த ஆளைக் கண்டுபிடிக்கத் தொழிற்சங்கம் வேண்டும். சங்கம் நம்பிப் பேச, நம்பிக்கைக்குரிய வக்கீல் வேண்டும். மதுக்கடையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

1992இல் பால்டிமோர் நீதிமன்றத்தில் 8,555 கல்நார் வழக்குகள் ஒன்றாகச் சேர்த்து விசாரணைக்கு வந்தன. உற்பத்தியாளர்களுக்கு ஆபத்து தெரியுமா, தெரிந்தும் எச்சரிக்கவில்லையா போன்ற பொதுக் கேள்விகளை ஒரே நடுவர் குழு முன் முடித்துவிட்டு, ஒவ்வொருவரின் நோய், வேலை விவரங்களைப் பிறகு தனியாகப் பார்ப்பது என்ற ஏற்பாடு. தனித்தனியாக நடத்தியிருந்தால் பாதிப் பேர் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்திருப்பார்கள். இந்த வழக்குகளில் பெரும்பகுதி ஏஞ்சலோஸின் அலுவலகத்துடையவை.

இனி உங்கள் முதல் கேள்வி. அமெரிக்காவில் இத்தகைய வழக்கில் கட்சிக்காரர் கையிலிருந்து ஃபீஸ் தருவதில்லை. ஜெயித்தால் வரும் தொகையில் ஒரு பங்கு, பொதுவாக மூன்றில் ஒன்று, வக்கீலுக்கு. தோற்றால் ஒன்றுமில்லை. டாக்டர், நிபுணர், ஆவணங்கள் என்று வருடக்கணக்கில் ஆகும் செலவை வக்கீலே முன்பணமாகப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான வழக்குகளை அப்படிச் சுமந்தவருக்கு, தீர்வு வந்தபோது பணமும் அந்த அளவில் வந்தது. அந்தத் தொழிலாளர்கள் வேறு எந்த வழியிலும் அந்தக் கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்க முடியாது. அதனால் அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கணக்கை அவர் அரசிடம் போட்டபோது எனக்கு ஒப்பவில்லை. 1996இல் புகையிலை நிறுவனங்களுக்கு எதிரான வழக்கை நடத்த மேரிலாந்து மாநிலம் அவரை அமர்த்தியது. பேசிய கட்டணம் 25 சதவீதம். 1998இல் மாநிலச் சட்டமன்றம், வழக்கை எளிதாக்கும் சட்டத் திருத்தத்தோடு சேர்த்து, அவருடைய பங்கையும் 12.5 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. அதே ஆண்டு நாடு தழுவிய ஒப்பந்தத்தில் மேரிலாந்துக்கு 400 கோடி டாலருக்கும் மேல் என்று முடிவானது. அவர் முழு 25 சதவீதத்தையே, அதாவது 100 கோடி டாலருக்கும் மேல், கேட்டார். கடைசியில் 2002இல் 15 கோடி டாலருக்கு உடன்பட்டார். ஒருவர் சுமக்கும் ஆபத்துக்குத்தான் அந்தப் பங்கு நியாயமாகிறது. ஆபத்து குறைந்த பிறகும் பங்கு அப்படியே வேண்டும் என்பது நோயாளிகளுக்குப் போக வேண்டிய பணத்தில் கை வைப்பது. இதில் சட்டமன்றம் செய்ததே சரி என்பது என் கருத்து.

நம் நாட்டில் இந்த வழி உங்களுக்குக் கிடையாது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் நடத்தை நெறிகள் பகுதியின் 20ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. 1954இலேயே, வரும் தொகையில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட ஒரு வழக்கறிஞரின் செயல் தொழில் முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "எல்லோரும் வாய்ப்பேச்சாக வாங்குகிறார்கள்" என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். கேட்காதீர்கள். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு மில் தொழிலாளியின் விதவை, இழப்பீட்டுக் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு "இதுல ஐயாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்க வேண்டியிருந்ததே என்று இன்றும் மனம் கூசுகிறது.

கல்நார் வழக்கு நம் நாட்டிலும் நடந்தது, ஆனால் பாதை வேறு. ஒரு நுகர்வோர் அமைப்பு பொதுநல மனுவாகக் கொண்டுபோனதில், 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. ஆலைகள் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்றது. பஞ்சுத் தூசி வழக்கு நடத்துகிற நீங்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்.

சரி, அணிக்கு வருகிறேன்.

ஓரியோல்ஸின் முந்தைய உரிமையாளர் எலை ஜேக்கப்ஸ் திவாலானார். 7 கோடி டாலருக்கு அவர் வாங்கியிருந்த அணி, 1993 ஆகஸ்டில் நியூயார்க் திவால் நீதிமன்றத்தில் ஏலத்துக்கு வந்தது. ஏஞ்சலோஸும் அவருடைய கூட்டாளிகளும் 17.3 கோடி டாலருக்கு எடுத்தார்கள். ஒரு விளையாட்டு அணிக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. கூட்டாளிகளில் டென்னிஸ் வீராங்கனை பாம் ஷ்ரைவர், விளையாட்டு ஒலிபரப்பாளர் ஜிம் மெக்கே, ஒரு நாவலாசிரியர், ஒரு திரைப்பட இயக்குநர் எல்லாம் இருந்தார்கள். அணி வெளியூர்க்காரர் கைக்குப் போகக் கூடாது என்பது அவர்களின் பேச்சு. நீங்கள் போட்டி பார்த்த கேம்டன் யார்ட்ஸ் மைதானம் அப்போது திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பேஸ்பாலின் பெரும் நாயகன் பேப் ரூத்தின் அப்பாவும் மதுக்கடைக்காரர்தான். அந்தக் கடை இருந்த இடம் இன்று அந்த மைதானத்தின் நடுக்களத்துக்குள் வருகிறது. ஹைலண்ட்டவுன் மதுக்கடைக்காரர் மகன் அந்த மைதானத்து அணிக்கு முதலாளியாக வந்ததை ஊரே கொண்டாடியது.

அடுத்த வருடமே அவருக்குப் பெரிய சோதனை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் நின்றார்கள். 1994 ஆகஸ்ட் 12 முதல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதித் தொடரே ரத்தானது. 1995 வசந்தத்தில், சங்க வீரர்களுக்குப் பதிலாக மாற்று ஆட்களை வைத்து ஆடுவது என்று உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். ஏஞ்சலோஸ் மட்டும் மாட்டேன் என்றார். தொழிற்சங்கங்களின் வக்கீலாக வாழ்க்கை முழுக்க இருந்துவிட்டு, கருங்காலி ஆட்களை வைத்து அணி நடத்த அவரால் முடியவில்லை. பயிற்சிக்கால ஆட்டங்களை ஓரியோல்ஸ் ஆடவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த அணியின் கால் ரிப்கன் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். பழைய வீரர் லூ கெரிக்கின் 2,130 ஆட்டச் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்கள் களம் இறங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகியிருக்கும். மார்ச் கடைசியில் நீதிபதி சோனியா சோட்டோமேயர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், உரிமையாளர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தார், வேலைநிறுத்தம் முடிந்தது. 1995 செப்டம்பர் 6 அன்று கேம்டன் யார்ட்ஸில் ரிப்கன் 2,131ஆவது ஆட்டம் ஆடியபோது கூட்டம் எழுந்து நின்று 22 நிமிடம் கைதட்டியது. அன்றைய தினம் ஏஞ்சலோஸ் தன் தொழிலுக்கும் தன் அணிக்கும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்திருக்கிறார். அப்படி ஒரு நாள் எல்லோருக்கும் அமைவதில்லை.

அப்புறம் நடந்ததை நீங்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

1996 நடுவில் அணி தடுமாறியது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த மேலாளர் பேட் கில்லிக், மூத்த வீரர்களான பாபி பொனியாவையும் டேவிட் வெல்ஸையும் கொடுத்துவிட்டு இளைஞர்களை வாங்கலாம் என்றார். ஏஞ்சலோஸ் தடுத்தார். அணி மீண்டு வந்து அந்த ஆண்டு பிளே ஆஃப் வரை போனது. தடுத்தவர் சொன்னது சரியாகிவிட்டது. என் பார்வையில் அவருக்கு நடந்த மிகப் பெரிய தீங்கு அந்த வெற்றிதான். அனுபவசாலி சொன்னதை மீறி ஒருமுறை ஜெயித்தவருக்கு, அடுத்த முறை கேட்க வேண்டும் என்று தோன்றாது. 1997இல் 98 ஆட்டங்கள் ஜெயித்த பயிற்சியாளர் டேவி ஜான்சனுக்கும் அவருக்கும், ஒரு வீரருக்குப் போட்ட 10,500 டாலர் அபராதத்தை எந்த அறக்கட்டளைக்கு அனுப்பினார் என்பதில் தகராறு. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று ஜான்சன் அறிவிக்கப்பட்ட அதே நாளில் அவருடைய ராஜினாமாவும் வந்தது. 1998 முதல் 2011 வரை, 14 ஆண்டுகள் தொடர்ந்து, ஓரியோல்ஸ் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். 2006 செப்டம்பரில் ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவில் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். எந்த ஊரின் அணியைக் காப்பாற்ற வாங்கினாரோ, அந்த ஊர்.

இதைப் பேராசை என்றோ திமிர் என்றோ சொல்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் நமக்குப் பயன்படுகிற குணங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு சொல்வதை நம்பக் கூடாது. ஒவ்வொரு காகிதத்தையும் நாமே படிக்க வேண்டும். பின்வாங்கக் கூடாது. வாய்தா மேல் வாய்தா போனாலும் பொறுமையாக உட்கார வேண்டும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் குணம்தான் சோறு போட்டது. அதே ஆள் அணியை நடத்தும்போது மேலாளரையும் பயிற்சியாளரையும் எதிர்த்தரப்பைப் போலக் குறுக்கு விசாரணை செய்தார். உடனே எடுக்க வேண்டிய முடிவுகளைத் தள்ளிப்போட்டார். நீதிமன்றத்தில் நமக்கு மேலே ஒரு நீதிபதி இருக்கிறார், கட்சிக்காரர் இருக்கிறார். முதலாளி ஆனவருக்கு "போதும், உட்காருங்கள்" என்று சொல்ல யாருமில்லை.

நல்லதும் செய்தார், மறுக்கவில்லை. 1999இல் ஹவானாவுக்கு அணியைக் கூட்டிப்போய், ஃபிடல் காஸ்ட்ரோ முன்னிலையில் கியூபாவோடு ஆட வைத்தார். தான் படித்த பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக் கட்டடத்துக்கு நிதி கொடுத்தார். 2013இல் திறந்த அதன் பெயர் ஜான் அண்ட் ஃபிரான்சிஸ் ஏஞ்சலோஸ் சட்ட மையம். அவருடைய அப்பா, அம்மா பெயர். உங்கள் அக்கா வீட்டுக்கு மறுபடி போனால் அதை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

முடிவு வருத்தமானது. 2017 வாக்கில் உடல்நிலை கெட்டு, தானே முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனார். 2020இல் மூத்த மகன் ஜான் அணியின் பொறுப்பை ஏற்றார். 2022இல் இளைய மகன் லூயிஸ், அண்ணன் மீதும் அம்மா மீதும் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சமரசமாக முடிந்தது. 2024 ஜனவரியில், பால்டிமோரிலேயே பிறந்து வக்கீலாகத் தொழிலைத் தொடங்கிய டேவிட் ரூபன்ஸ்டைன் தலைமையிலான குழுவுக்கு 172.5 கோடி டாலருக்கு அணியை விற்க ஒப்பந்தமானது. மார்ச் 23 அன்று ஏஞ்சலோஸ் தன் 94ஆவது வயதில் காலமானார். நான்கு நாள் கழித்து மற்ற அணி உரிமையாளர்கள் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஆயிரமாயிரம் குடும்பங்களின் தாவாவைத் தீர்த்தவரின் வீட்டுத் தாவா ஊர் அறிய நீதிமன்றத்துக்குப் போனதுதான் எனக்கு மனம் கனக்கிற இடம்.

இனி உங்கள் நண்பர்களின் அழைப்பு. பார் கவுன்சில் விதி 47இன்படி நீங்கள் நேரடியாகத் தொழில் நடத்தக் கூடாது. கூட்டு நிறுவனத்தில் பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம். அதுவும் அந்தத் தொழில் நம் தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்துகிறது என்று மாநில பார் கவுன்சில் கருத வேண்டும். நண்பர்கள் அதைக் கம்பெனியாகப் பதிவு செய்தால் விதி 48 வரும்: இயக்குநராக இருக்கலாம், ஆனால் நிர்வாகப் பொறுப்பு கூடாது, மேனேஜிங் டைரக்டராகவோ செக்ரட்டரியாகவோ இருக்கவே முடியாது. ஆக, "நிர்வாகத்தையும் நீயே பார்" என்பதற்கு இன்றே மறுப்புச் சொல்லிவிடுங்கள். நட்புக்காகத் தயங்க வேண்டாம். உங்கள் சன்னது, அதாவது வக்கீல் உரிமம், போனால் அந்த ஐந்து பேரும் அதைத் திரும்ப வாங்கித் தர முடியாது.

பணம் மட்டும் போடலாமா என்றால், இழந்தாலும் வீட்டுச் செலவு தடுமாறாத தொகையாக இருந்தால் போடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஆட்டக்காரர் தேர்வில் இறுதி வார்த்தை யாருடையது என்பது ஒன்று. ஒரு பங்குதாரர் விலகினால் அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது என்பது இன்னொன்று. ஒருவர் இறந்தாலோ, முடிவெடுக்க முடியாத அளவு நோய்வாய்ப்பட்டாலோ அவர் இடத்தில் யார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பேசும்போது ஆறு பேரின் வீட்டாரும் கூட இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

ஆனால் அது அடுத்த மாதம்கூட ஆகலாம். பஞ்சுத் தூசி வழக்கு காத்திருக்காது. மூச்சுத் திணறலால் அவர் தொடர்ந்து வேலைக்கு வராமல் போன முதல் நாள் எது என்பதைத் தேதியோடு பிடியுங்கள்; மில்லின் வருகைப் பதிவேட்டு நகலைக் கேட்டு இந்த வாரமே எழுத்தில் கடிதம் கொடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் மனு போக வேண்டிய இடமே மாறிவிடும். டாக்டர் சான்றுக்கு ஆள் அனுப்பாமல், அந்தத் தொழிலாளியை உங்கள் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு நேரில் போய்விட்டு வாருங்கள்.